தொண்ணூறு நிமிடங்கள் உள்ளன

பிப்ரவரி 6, வெள்ளி

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. இஸ்திரி அக்காவின் அழைப்பு நாற்பத்தொரு நிமிடம் ஓடியதாக எழுதியிருந்தேன். நாற்பதுதான். எண்ணை அழுத்திய நொடியிலிருந்து கணக்கிட்டுவிட்டேன்; மறுமுனையில் எடுத்த நொடியிலிருந்து கணக்கிட்டிருக்க வேண்டும். இடையில் கழிந்த அந்த ஒரு நிமிடத்தில் பேசியது இஸ்திரி அக்கா அல்ல, ஊரிலிருக்கும் அவர் மகளும் அல்ல. நான். "வணக்கம். உங்கள் அட்டையில் தொண்ணூறு நிமிடங்கள் உள்ளன" என்று என் குரல் நிதானமாகச் சொல்லி முடித்த பிறகுதான் ஊரில் மணியே அடித்தது.

பத்துப் பேரின் அழைப்பையும் இதே தவறோடு குறித்திருக்கிறேன் என்பது இன்று மதியம்தான் உறைத்தது. பத்து வரிகளையும் திருத்தினேன். பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடாகத்தான் அடித்திருக்கிறேன். அழித்துவிட்டு எழுதினால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். யாராவது கேட்டால் நாக்குக் குழறாமல் சொல்ல உதவும்.

எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஐந்து மேசை, நான்கு ஆட்கள், எப்போதும் ரப்பர் வாசனை. கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் தொலைபேசி அட்டைகள் இங்கிருந்துதான் போகின்றன. முன்பே காசு கொடுத்து வாங்கி, வெள்ளிப் பட்டையைச் சுரண்டி, அதில் வரும் எண்ணை அழுத்தினால் இந்த அயல்நாட்டிலிருந்து ஊருக்குப் பேசலாம். நான் புகார் மேசை. சேர்ந்த முதல் மாதத்தில் மேலாளர் என்னைச் சாமான் அறையில் உட்காரவைத்து, எதிரொலி வராமலிருக்கத் தலையில் ஒரு கம்பளியைப் போர்த்தி, ஒன்றிலிருந்து நூறு வரை படிக்கச் சொன்னார். "உங்கள் அட்டையில்" தனியாக, "நிமிடங்கள் உள்ளன" தனியாக. எழுபத்தேழை மூன்று முறை படித்தேன். கம்பளிக்குள் வியர்த்துக் கொட்டியது. வீட்டுக்குப் போய் அண்ணியிடம் பெருமையடித்துக்கொண்டேன். "எண்ணத் தெரியும்னு சர்ட்டிபிகேட் குடுத்தாங்களா?" என்று கேட்டார் அண்ணி.

அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது.

செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு. பாடத்தின் பெயர் அலுவலக நடைமுறை. பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் என்பதால் பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, நுகர்வோர் விதிகள் என்று டீச்சர் ஒரு தாளைக் கொடுத்து என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன்:

"முன்கட்டண அட்டையைப் பயன்படுத்தும்போது குரலில் அறிவிக்கப்படும் நிமிடங்கள், அந்த அழைப்பில் உண்மையாகக் கிடைக்கும் நிமிடங்களாக இருக்க வேண்டும். கழிக்கப்படும் கட்டணங்கள் யாவும் அட்டை விற்கப்படும் மொழியில், படிக்கக்கூடிய அளவில், அட்டையின் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "நிறுத்து, நிறுத்து. ஏம்மா, 'தொண்ணூறு நிமிடங்கள் உள்ளன', அதைச் சொல்லு."

தாளில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"அவளேதான்!" ஒரு பெண் எழுந்து நின்றார். பெரிய விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவர்; முன்னங்கையில் வரிசையாகச் சூட்டுத் தழும்புகள். "ஒரு வருஷமா வாரா வாரம் என்கிட்ட பொய் சொல்றவ. இன்னிக்குத்தான் மூஞ்சியப் பாக்கறேன்."

பக்கத்தில் இருந்த தச்சர் தலையை நீட்டிப் பார்த்தார். "அட, குரலுக்கு நாப்பத்தஞ்சு வயசு, கண்ணாடி, ஒரு கொண்டை எல்லாம் வெச்சிருந்தேன் நான். இது என்ன, பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரி இருக்கு?"

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் தொண்ணூறு.

இஸ்திரி அக்கா சிரிக்கவில்லை. இடைவேளையில் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். "ஓட்டப் பந்தயத்துல ஓடின கதைய சொல்லிட்டிருந்தா. 'கடைசில யாரு மொதல்ல வந்தா தெரியுமா'ன்னு கேக்கறா, அங்க அறுந்துச்சு. நான் வெச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டா. இப்ப போனுக்கு வான்னா வரமாட்டேங்கறா. மூணு தடவ கூப்பிட்டா ஒரு தடவ வர்றா, அதுவும் 'ம்' மட்டும்தான். நீ தொண்ணூறுன்னு சொன்னதாலதானே நான் அவள நிதானமா பேச விட்டேன்?"

புகார் மேசைப் பழக்கத்தில் "மன்னிக்கவும், உங்கள் எண்ணைச் சொல்லுங்கள்" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

இந்தத் திங்களன்று மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நுகர்வோர் ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. புகார்கள் வந்திருப்பதால் இருபது அட்டைகளைச் சோதித்து, சோதித்தவர் கையொப்பத்தோடு, சோதித்த அட்டைகளையும் இணைத்து இருபதாம் தேதிக்குள் அறிக்கை தர வேண்டுமாம். மேலாளர் படிவத்தை என் முன் நகர்த்தினார். எண்பத்தெட்டு, தொண்ணூறு, எண்பத்தொன்பது என்று இருபது வரிகளும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. கையொப்பக் கட்டம் மட்டும் காலி.

"நீதானே புகார் மேசை. போட்டுடு."

"சோதிச்சுட்டுப் போடறேன் சார்."

"இருபது அட்டை, ஒண்ணொண்ணும் தொண்ணூறு நிமிஷம். அவ்வளவு நேரம் யார்கிட்டம்மா பேசுவ? ஊர்ல உனக்கு அத்தன எதிரிங்களா?"

ஆனால் அட்டைகளைக் கொடுத்துவிட்டார். வழங்கியதாகப் பதிவேட்டில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அது வகுப்பில் இரண்டாவது பாடம்.

பேச ஆளா இல்லை? நேற்று வகுப்பில் பத்து அட்டைகளைப் பத்துப் பேருக்குக் கொடுத்தேன். டீச்சர் இதை வகுப்புப் பயிற்சி என்று ஏற்றுக்கொண்டார். தாழ்வாரமெங்கும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் பேசினார்கள். நான் கையில் மூன்று கடிகாரங்களோடு வரிசையில் நடந்தேன். முப்பத்தேழு, நாற்பது, நாற்பத்து மூன்று, முப்பத்தைந்து. ஒன்றுகூட ஐம்பதைத் தொடவில்லை.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இன்று காலை அலுவலகத்துக்குப் போனேன். மேலாளர் கணினியில் அந்தப் பத்து அழைப்புகளையும் எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் "துண்டித்தவர்: வாடிக்கையாளர்" என்று இருந்தது.

"பாத்தியா? நாம அறுக்கல. அவங்களே வெச்சிடறாங்க. நிமிஷம் இருக்கு, பேச விஷயம் இல்ல. இதுக்கு நான் என்ன பண்ண?"

உண்மைதானே என்று அரை நாள் நம்பினேன். இப்போது எழுதும்போதும் பாதி நம்புகிறேன். நான் எதையும் சீக்கிரம் நம்பிவிடுகிறவள். எதிராளி உறுதியாகச் சொன்னால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று தோன்றும்.

அடுத்த வேலை: ஏன் வைத்தீர்கள் என்று பத்துப் பேரையும் கேட்க வேண்டும். அவர்களை வகுப்பில்தான் பார்க்க முடியும் என்பதால் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கேட்டேன். ஒரே கேள்வியை ஒரே மாதிரி, பத்துப் பேரிடமும்: அழைப்பை முடித்தது யார், ஏன்?

"நான்தான் முடிச்சேன்," என்றார் தச்சர். "நாப்பது ஆச்சுன்னா எனக்குப் பிடரியில யாரோ கத்தி வெச்ச மாதிரி இருக்கும். சரி சரி வெக்கறேன்னு வெச்சிருவேன்."

"தொண்ணூறு சொன்னதே?"

"நீ சொல்லுவ தாயே. வாய்க்கு வந்தத சொல்லுவ. நாங்க நம்பணுமா?"

பத்துப் பேரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். அறுபட்டு அறுபட்டுப் பழகி, அறுபடுவதற்கு முன்பே விடைபெறக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கடிகாரமும் இல்லாமல், முப்பத்தைந்துக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் "சரி, வேற ஒண்ணும் இல்லையே, உடம்பப் பாத்துக்க" வந்துவிடுகிறது.

இஸ்திரி அக்கா சொன்னது எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "அட்டைக்காரன் அறுத்தா நான் அறுத்த மாதிரி ஆகுது. நானே வெச்சா, நான் சொல்லிட்டு வெச்ச மாதிரி இருக்கும்ல? அந்த மரியாதையாவது மிஞ்சட்டும்னுதான்."

ஆக, மேலாளர் காட்டிய கணினி வரிகள் பொய் இல்லை. அந்த உண்மையை உண்டாக்கியதுதான் பொய். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து அட்டைகள் வீணாயின. முதல் நாளே "வைக்காமல் பேசுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சோதனை செய்கிறவள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் அது. எனக்குத் தோன்றவே இல்லை. பதினான்கு மாதமாக நான் அழைப்பின் தொடக்கத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறேன். முடிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மீதிப் பத்து அட்டைகளை வைத்து விளக்கினேன்: யாரும் விடைபெறக் கூடாது, அதுவாக அறுபடும்வரை பேச வேண்டும்.

ஒன்பது பேர் கை நீட்டினார்கள். இஸ்திரி அக்கா நீட்டவில்லை.

"என்னால முடியாதும்மா. தெரிஞ்சே அவ பேசறப்ப அறுக்க விடச் சொல்றியா? இப்பவே பாதி போயிட்டா. இதுக்கப்புறம் போன் பக்கமே வரமாட்டா."

"வேற யாரையாவது கூப்பிடலாமேக்கா? நாத்தனார்?"

"நாத்தனார்கிட்ட ஒரு மணி நேரமா? அதுக்கு நான் இஸ்திரிப் பெட்டியக் காதுல வெச்சுக்குவேன்."

வற்புறுத்தவில்லை. ஒன்பது போதும் என்று சொன்னேன். போதாது என்று உள்ளே ஓர் எரிச்சல் இருந்ததையும் நேர்மையாக எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ஒன்பது அழைப்புகள். மறுமுனையில் எடுத்த நொடியிலிருந்து, அறுபட்ட நொடி வரை. மூன்று கடிகாரங்கள்.

57, 57, 56, 58, 57, 57, 56, 57, 57.

நாற்பதைத் தாண்டியதும் தாழ்வாரத்தில் எல்லோர் குரலும் மாறியது. நாற்பத்தைந்தில் ஒருவர் என்னைப் பார்த்து "வெக்கட்டா?" என்று சைகை செய்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். ஐம்பத்தேழில் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ விளக்குகளை அணைத்துக்கொண்டே நடந்துபோவது போல, ஒவ்வொரு தூணும் மௌனமானது. பாதி வாக்கியத்தில் நின்றுபோன மனிதர்கள் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என் பொண்டாட்டிகிட்ட நான் ஹலோ மட்டும் சொன்னா போதும், மீதி அம்பத்தாறு நிமிஷத்த அவளே பாத்துக்குவான்னு தைரியமா இருந்தேன். கடைசில 'நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு'ன்னா. அங்கதான் அறுந்துச்சு. ஆணையம் எனக்கு நஷ்டஈடு குடுக்குதோ இல்லையோ, ஒரு வக்கீல் குடுக்கணும்."

வீட்டுக்கு வந்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். முன்பக்கத்தில் ஒரு விமானம், ஒரு பெரிய 90. பின்பக்கத்தில், நமக்குத் தெரியாத மொழியில், எறும்பு வரிசை போல ஒரே ஒரு வரி. அண்ணனின் பூதக்கண்ணாடியை வைத்து, அகராதியை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கட்டணங்கள் பொருந்தும்" என்று மட்டும் இருந்தது. என்ன கட்டணம், எவ்வளவு என்று இல்லை. அலுவலகக் கோப்பில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன்: இணைத்ததற்கு ஒரு பிடித்தம், வாரத்துக்கு ஒரு பிடித்தம், ஒரு நொடி பேசினாலும் மூன்று நிமிடமாக ஏற்றிக் கழிப்பது. எல்லாம் சேர்ந்துதான் அந்த முப்பத்து மூன்று நிமிடங்களை விழுங்கியிருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

இஸ்திரி அக்கா வகுப்புக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். விடுதிச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"குடு அந்த அட்டைய."

"வேண்டாம்க்கா. ஒன்பது இருக்கு."

"ஒன்பது உனக்கு இருக்கு. எனக்கு இல்ல. குடுடி."

எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, போனை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். என் குரல் தொண்ணூறு என்றது. "ஆமா, ஆமா," என்றார் அக்கா. நாத்தனார் எடுத்தார். பிள்ளை வரமாட்டேன் என்கிறாள் என்றார்.

"அவகிட்ட சொல்லுங்க, அம்மா பேசக் கூப்பிடல, ஒரு திருடனப் பிடிக்கக் கூப்பிடறேன். ஆள் வேணும்."

நாத்தனார் அதை அப்படியே உள்ளே கத்திச் சொல்வது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். "எந்தத் திருடன்?"

"நம்ம போன்ல ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். நாம பேசறப்ப நடுவுல அறுத்துட்டு ஓடிருவான். அன்னிக்கு நீ பந்தயக் கதை சொன்னியே, அப்பவும் அவன்தான். நான் வெக்கல."

"நீதான் வெச்ச."

"நான் வெக்கலடி. இன்னிக்கு நிரூபிக்கறேன். நீ பாடப் புத்தகத்த எடுத்துட்டு வா. முதல் பாடத்துலேர்ந்து படி. நிறுத்தாதே. நான் இங்க மூணு கடிகாரம் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவன் எங்க அறுக்கறான்னு பாத்துருவோம்."

அந்தப் பிள்ளை படித்தாள். முதலில் வேண்டாவெறுப்பாக, எழுத்து எழுத்தாக. மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடம். பிறகு ஒரு சிங்கத்தின் கதை. சிங்கத்துக்குக் குரலை மாற்றிக்கொண்டாள். மூன்றாம் பாடத்தில் ஒட்டகம் வந்தபோது, "அம்மா, இருக்கியா?" "இருக்கேன்." ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கேள்வி, அந்தப் பதில். வகுப்பே பெஞ்சுகளை விட்டு வந்து எங்களைச் சுற்றி நின்றது. டீச்சரும்தான். நாற்பது தாண்டியது. அக்காவின் கை தானாகப் போனை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தேன். மறு கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐம்பத்தேழாவது நிமிடம், பன்னிரண்டாவது நொடி. "ஒட்டகத்தின் கால் மணலில் புதையாமல்" என்ற இடத்தில் அறுந்தது.

முதல் சுற்றில் அரைகுறையாக மிஞ்சியிருந்த அட்டையில் உடனே திரும்பக் கூப்பிட்டோம். என் குரல் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னது, யாரும் கவனிக்கவில்லை. மூன்று முறை மணி அடித்தும் எடுக்கவில்லை. அக்காவின் உதடு வெளுத்துவிட்டது. நான் செய்த காரியம்தான் இது. நான்காவது மணியில் எடுத்தாள்.

"அம்மா, பாடம் முடிஞ்சுது! ஏன் மறுபடி கூப்பிடற? போன காதுலேர்ந்து எடுத்தப்பதான் மணி அடிக்கறதே தெரிஞ்சுது."

"கால் மணல்ல புதையாமலோட அறுத்துட்டான்டி."

"அப்பவேவா? நான் அதுக்கப்புறம் ரெண்டு பக்கம் படிச்சேனே! சும்மாவா படிச்சேன்?"

"ஆமா."

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "பொறுக்கிப் பய," என்றாள் எட்டு வயதுப் பெண். பின்னாலிருந்து நாத்தனார் அதட்டுவது கேட்டது. "அம்மா, அந்த ரெண்டு பக்கத்தையும் மறுபடி படிக்கட்டுமா? சீக்கிரம் சீக்கிரமா படிக்கறேன்."

அக்கா போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "படிக்கச் சொல்லுங்க," என்று தச்சர்தான் உரக்கச் சொன்னார்.

பத்தாவது அட்டை: 57. குறித்துவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

காலையில் முதல் வேலையாக அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். முதல் பத்து அட்டைகளை "வாடிக்கையாளரே துண்டித்தவை, காரணம் இணைப்பில்" என்று தனியாக எழுதினேன். என் பிழையால் வீணானவை என்பதையும் எழுதினேன். இரண்டாம் பத்துக்கு உண்மை எண்கள். கீழே கையெழுத்து. மேலாளர் நிரப்பிய படிவத்தைக் கையெழுத்தில்லாமல் அதன் மேல் வைத்து அவரிடம் கொடுத்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உக்காரு. நான் உங்க அண்ணன்கூட ஒரே அறையில அஞ்சு வருஷம் இருந்தவன். உன்ன என் தங்கச்சி மாதிரி நெனச்சுத்தான் வேலை குடுத்தேன். கேளு. பக்கத்துத் தெருக்காரன் அட்டையில நூறு போடறான். நான் அம்பத்தேழுன்னு போட்டா எந்தக் கடைக்காரன் மாட்டுவான்? நாலு பேரோட வேலை போகும். அதுல உன் வேலையும் ஒண்ணு."

"அவன் நூறு குடுக்கறானா சார்?"

"எவன்மா குடுக்கறான்?"

"அப்ப அவனையும் சோதிக்கட்டும். நான் நம்ம அட்டையத்தான் சோதிச்சேன்."

"இதப் பாரு, இது உன் கிளாஸ் பரீட்சை இல்ல. நீ போடலன்னா வேற ஆள் போடுவான். கையெழுத்துக்கு என்ன பஞ்சமா?"

இந்த இடத்தில் சாதாரணமாக நான் சரி என்று சொல்லிவிடுவேன். எனக்கே ஆச்சரியம், சொல்லவில்லை.

"போடட்டும் சார். ஆனா ஆணையத்துல எந்த அட்டையச் சுரண்டினாலும் வர்ற குரல் என்னுது. எண்களப் படிச்சவ நான், எந்த எண்ணுன்னு முடிவு பண்ணினது நான் இல்ல. அத அங்க போய்ச் சொல்லுவேன்."

"நிமிஷத்தக் குறைச்சுப் போடச் சொல்றியா? புதுசா பதிவு பண்ணணும், அதுக்கு எங்க நேரம்?"

"ஐம்பத்தேழும் அன்னிக்கே படிச்சு வெச்சிருக்கேன் சார். அந்தக் கம்பளிக்குள்ள. எடுத்துப் போட்டா போதும்."

அவர் சிரித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். மூக்கால் மூச்சு விட்டிருக்கிறார். "சாவிய வெச்சிட்டுப் போ. அட்டைங்களையும்."

சாவியை வைத்தேன். அட்டைகளைக் கொடுக்கவில்லை. சோதித்த அட்டைகளை அறிக்கையோடு இணைக்கச் சொல்லி ஆணையத்தின் கடிதம் கேட்கிறது. அவற்றை எனக்கு வழங்கியதற்கு அவர் கையெழுத்தே பதிவேட்டில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது குரல் பதிவில் வருவது போலவே வந்தது, நிதானமாக. படிக்கட்டில் இறங்கி வந்ததும் டயர் கடைக்காரர் "என்ன பாப்பா, சீக்கிரம் கிளம்பிட்ட?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டில் அண்ணன் எனக்கு முன்பே செய்தியை வாங்கி வைத்திருந்தான். "என் முகத்துல கரியப் பூசிட்டியே. அவன்கிட்ட நான் எப்படி இனிமே முழிப்பேன்? ஒரு கையெழுத்துதானேடி?"

"ஒரு கையெழுத்துன்னா நீயே போட்டுக் குடுண்ணா," என்றேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அண்ணி துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் ஒழுங்கா எண்ணத் தெரிஞ்சவள வேலைக்கு வெச்சது அவர் தப்பு. விடு." பிறகு, "ஆனா அடுத்த மாசம் வேற வேலை தேடிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்," என்றார். அண்ணி எப்போதும் அப்படித்தான், ஒரு கையால் தட்டிக்கொடுத்து மறு கையால் குட்டுவார்.

நான் செய்தது சரிதானா என்று தெரியவில்லை. மற்ற மூன்று பேரின் வேலையும் இதில் போகலாம். ஆனால் தப்பு எங்கே என்று ஒவ்வொரு வரியாகத் தேடிப் பார்த்துவிட்டேன். எண்களில் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று வகுப்பில் சாட்சிக் கையெழுத்து. பத்து அழைப்புகள், பத்துப் பேர். தாளை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். வேலை போனதையும் சொன்னேன். மறைத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்பது சரியல்ல.

யாரும் எழவில்லை. முன் பெஞ்சுக்காரர் தன் முதலாளிக்குத் தெரிந்தால் என்று இழுத்தார். இன்னொருவர், "இதெல்லாம் நமக்கு எதுக்கு, அட்டை மோசம்னா வேற அட்டை," என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. தாளை மடித்துவிடலாமா என்று கைகூடப் போயிற்று.

"எந்த வேற அட்டை?" இஸ்திரி அக்கா எழுந்து வந்தார். "நூறுன்னு ஒருத்தன் வெச்சிருக்கானே, அதுவா? அதுலயும் நாப்பதுல வெச்சிருவீங்க. நாமளே வெச்சிட்டோம்னு அவனுங்க கம்ப்யூட்டர்ல எழுதிக்கறானுங்க. எனக்கு இனிமே எவன் கணக்குலயும் 'அவளே வெச்சா'ன்னு இருக்கக் கூடாது." முதல் வரியில் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது. இன்னொரு பிரதி எடுக்க வேண்டியதாயிற்று.

தச்சர் இரண்டாவது. "என் பொண்டாட்டி ஒரு வாரமா பேசல. இந்தத் தாள்ல ஒரு நகல் குடு, அவளுக்கு அனுப்பணும். எனக்கு ஆணையம்னா அவதான்." அவருக்குப் பின்னால் வரிசை உண்டாயிற்று. கடைசியில் எட்டுக் கையெழுத்து. இரண்டு பேர் போடவில்லை. அவர்களை எதுவும் கேட்கவில்லை. அவர்களுடைய இரண்டு அழைப்புகளையும் "சாட்சியின்றி" என்று குறித்துவிட்டேன்.

அறிக்கையில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: அட்டைகளில் ஒலிக்கும் அறிவிப்புக் குரல் என்னுடையது, அதில் சொல்லப்படும் நிமிடங்கள் கிடைப்பதில்லை, இதை நேரில் சொல்லத் தயாராக இருக்கிறேன். அந்த வரியை நான்கு முறை திருத்தி எழுதினேன். "பணிவுடன்" என்று போட்டு, அடித்தேன்.

விடுதி மேற்பார்வையாளரிடம் இஸ்திரி அக்கா நாளைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறார். காரணம் கேட்டதற்கு, "திருடன் கேசு" என்றாராம்.

நாளை: எட்டேமுக்காலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் இஸ்திரி அக்கா. ஒன்பதரைக்கு ஆணைய அலுவலகம், தரைத்தளம், கடிதம் பெறும் மேசை. இருபது அட்டைகள், அறிக்கை, சாட்சித் தாள், கட்டணக் குறிப்பு. எல்லாவற்றுக்கும் மூன்று நகல். பெற்றுக்கொண்டதற்கு நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பக் கூடாது.